முனையில்லாக் கம்பி: கீட்டோவும் இடுக்கியும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்திலுள்ள ஈக்வடார் தலைநகர் கீட்டோவில், எச்.சி.ஜே.பி. வானொலியின் ஆண்டெனா முனைகள் மின்பொறியால் உருகின. மெல்லிய காற்றில், மின்னழுத்தம் உச்சம் பெறும் கம்பி முனைகளில் மின்கசிவு எளிதில் நிகழும். பொறியாளர் கிளாரன்ஸ் மூர் 1940களின் தொடக்கத்தில் கம்பியைச் சதுரமாக மூடி, முனைகளையே இல்லாமற் செய்தார். அதுவே 'க்யூபிகல் குவாட்'. 1951இல் காப்புரிமையும் பெற்றது.

அமெச்சூர் வானொலியினர் வளையத்தை ஏற்றதற்கு இக்காரணம் பொருந்தாது. சில நூறு வாட் திறனில் ஆனைமுடி உச்சியிலும் முனை உருகாது. அவர்களை ஈர்த்தது பல அலைவரிசைப் பயன்பாடு. 7 மெகாஹெர்ட்ஸுக்கென ஏறத்தாழ 43 மீட்டர் சுற்றளவில் கட்டிய வளையம் 14, 21, 28 மெகாஹெர்ட்ஸிலும் ஒத்ததிரும். அதே அலைவரிசைக்கு வெட்டிய இருமுனைக் கம்பியோ 14இல் முரண்டுபிடிக்கும்.

இடுக்கியில் மதிப்பீட்டின் அளவுகோலே மாறுகிறது. மிகு உயர் அதிர்வெண் அலைகளை முகடுகள் மறைக்கும். பாலக்காட்டுக் கணவாய் போன்ற திறப்பு அங்கில்லை. தாழ்வாகக் கிடைமட்டத்தில் கட்டிய வளையம் 7 மெகாஹெர்ட்ஸ் அலையைச் செங்குத்தாக மேலே அனுப்ப, பகலில் அயனிமண்டலம் அதை அடுத்த பள்ளத்தாக்கில் இறக்கும். நெடுந்தொலைவுத் தொடர்பை நாடுவோர் குறையென ஒதுக்கும் பண்பு இது. 2018 ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி அணை திறக்கப்பட்டு, நிலச்சரிவுகள் சாலைகளைத் துண்டித்த நாள்களில், கேரள அமெச்சூர் வானொலியினர் மீட்புச் செய்திகளைக் கடத்தினர். அவ்வேளைகளில் கண்டம் தாண்டும் வீச்சால் பயனில்லை. அடுத்த மலைச்சரிவை எட்டினால் போதும்.

இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் இவ்வாறு திரும்புவதில்லை. அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கான இருமடங்கு வளையம் வேண்டும். தேயிலைச் சரிவில் 86 மீட்டர் கம்பிக்கு இடம் தேடுவது தனிப் பெரும்பாடு.