ஆவரசம்பூத் தேநீர்: மருந்து எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கண்டி நகரில் நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடைகளில் ‘ரணவரா’ என்று கேட்டால் உலர்ந்த மஞ்சள் பூக்களை எடுத்துத் தருவார்கள். அது வடக்கு கிழக்கில் தெருவோரங்களில் பூத்து நிற்கும் நம் ஆவரசுதான். தமிழகத்தில் ஆவாரை என்பார்கள். மழை கூடிய கண்டி மலைகளை விட, மன்னார், வன்னி, புத்தளம், அம்பாந்தோட்டை போன்ற வறண்ட பகுதிகளே இந்தச் செடிக்கு உகந்தவை. கண்டியில் நாம் வாங்குவது பெரும்பாலும் அப்படி வெளியிடங்களிலிருந்து வருவதே.

இதன் பட்டையில் துவர்ப்புக் கூடுதலாக இருப்பதால் அந்தக் காலத்தில் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். பூவை உலர்த்தி இடித்து, பயற்றம் மாவுடன் கலந்து உடம்பில் தேய்த்துக் குளிப்பது இன்றும் உள்ள வழக்கம். சித்த வைத்தியத்தில் இலை, பூ, விதை, பட்டை, வேர் ஐந்தும் மருந்தாகின்றன. நீரிழிவுக்கும் அதிக தாகத்துக்கும் ஆவாரைக் குடிநீர் கொடுப்பார்கள்.

வீட்டில் நான் செய்வது எளிய முறை. ஒரு சிறு கைப்பிடி பூவை இரண்டு கோப்பைத் தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். வாங்கும்போது பூ மஞ்சள் நிறம் மங்காமல் இருக்கிறதா, பூஞ்சண வாடை அடிக்கிறதா என்று பார்ப்பேன்.

ஆனால் மருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போரில் தலையில் செல் துண்டு பட்டவர்களில் பலருக்குப் பின்னர் வலிப்பு வருகிறது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் மருந்துகளில் கார்பமாசபீனும் ஒன்று. இந்த மருந்துடன் ஆவரசுத் தேநீரையும் கொடுத்த எலிகளின் இரத்தத்தில் மருந்தின் அளவு கணிசமாகக் கூடியதை, 2004இல் வெளியான இலங்கை ஆய்வொன்று காட்டியது. எலிகளில் கண்டது மனிதரில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. என்றாலும் இந்த மருந்தின் அளவு உடலில் கூடினால் தலைச்சுற்று, தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிதல் போன்றவை வரலாம்.

இன்னொன்று ஈரல் பற்றியது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஈரலைப் பாதிக்கும் பைரோலிசிடின் வகை நச்சுப் பொருள் இருப்பதாகச் சோதனை காட்டிய மூலிகைகளுள் ஆவரசும் ஒன்று. அவற்றைக் கொடுத்த எலிகளின் ஈரலில் சேதமும் காணப்பட்டது.

இதற்காக ஆவரசை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுகமாக இருப்பவர் எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பது வேறு, மாதக்கணக்கில் மருந்தாக நினைத்துக் குடிப்பது வேறு. வலிப்பு மருந்து எடுப்பவர்களும், ஈரல் நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் இதைத் தவிர்ப்பது நல்லது. நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் சீனி அளவுக்கு மிஞ்சிக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவரசை நம்பி வலிப்பு மருந்தை நிறுத்தவே கூடாது. அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது, வீட்டில் குடிக்கும் மூலிகைத் தேநீரின் பெயரையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிங்கள வைத்தியராக இருந்தால் ‘ரணவரா’ என்றால் புரிந்துகொள்வார்.