கடற்படையின் கண்கள்: பழைய பைனாகுலர்கள் சொல்லும் கதை

தபால்தலை, நாணயம், தீப்பெட்டி அட்டை சேகரிப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். பழைய பிரிட்டிஷ் கடற்படை பைனாகுலர்களையும், போர்க்கப்பல் பீரங்கிகளில் பொருத்தியிருந்த குறிபார்க்கும் தொலைநோக்கிகளையும் தேடித் தேடி வாங்குபவர்களும் உலகில் இருக்கிறார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்தால், அதன் வழியாகப் பார்ப்பதற்கு முன் அதன் உலோக உடம்பைத்தான் அவர்கள் ஆராய்வார்கள். காக்கையின் கால் தடம் போல மூன்று கோடுகள் கொண்ட ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சொத்து என்பதற்கான முத்திரை அது.

அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான உண்மை இருக்கிறது. உலகின் மிகப் பெரிய கடற்படையை வைத்திருந்த பிரிட்டனிடம், அந்தக் கடற்படையின் கண்களுக்குத் தேவையான கண்ணாடி ஒரு காலத்தில் போதுமான அளவு இல்லை!

பீரங்கிக்குக் கண் வந்த கதை

19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை கப்பல் பீரங்கியைச் சுடுவது பாதி திறமை, பாதி அதிர்ஷ்டம். அலையில் கப்பல் ஆடும். குறி நேராக வரும் நொடிக்காகக் காத்திருந்து சுட வேண்டும். 1899இல் 'சில்லா' என்ற பிரிட்டிஷ் கப்பலின் கேப்டன் பெர்சி ஸ்காட் இதை மாற்றினார். நல்ல தொலைநோக்கியைப் பொருத்தி, கப்பல் ஆடினாலும் குறி இலக்கை விட்டு விலகாதபடி பீரங்கியைத் தொடர்ந்து ஏற்றி இறக்கத் தன் ஆட்களைப் பழக்கினார். அந்த ஆண்டு நடந்த போட்டியில் அவருடைய கப்பல் சுட்ட 70 குண்டுகளில் 56 இலக்கில் பட்டன. அதாவது 80 சதவீதம்!

ஆனால் குறி சரியாக இருந்தால் மட்டும் போதாது. எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று தெரிய வேண்டும். 1888இல் காலாட்படைக்கு ஒரு தூரமானி (ரேஞ்ச்ஃபைண்டர்) வேண்டும் என்று பிரிட்டிஷ் போர் அலுவலகம் விளம்பரம் செய்தது. லீட்ஸ் நகரில் பணியாற்றிய பொறியியல் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் பார், இயற்பியல் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரவுட் இருவரும் சேர்ந்து ஒன்றைச் செய்தார்கள். ராணுவம் அதை ஏற்கவில்லை. ஆனால் 1892இல் 'அரெத்யூசா' என்ற கப்பலில் நடந்த சோதனையில் அவர்களின் கருவி கடற்படைக்குப் பிடித்துப் போனது. 'பார் அண்ட் ஸ்ட்ரவுட்' நிறுவனம் வளர்ந்தது இப்படித்தான். 1904இல் கிளாஸ்கோவின் ஆனிஸ்லாண்டில் அதன் பெரிய தொழிற்சாலை வந்தது.

தூரமானி வேலை செய்யும் விதம் எளிது. நீளமான குழாயின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஜன்னல். இரண்டிலும் தெரியும் காட்சிகள் நடுவில் உள்ள கண் துளையில் மேல் பாதி, கீழ் பாதியாகத் தெரியும். எதிரிக் கப்பலின் கொடிமரம் இரண்டாக உடைந்தது போல் இருக்கும். திருகைச் சுழற்றி அதை ஒரே கோடாகச் சேர்த்தால், அளவுகோலில் தூரம் தெரியும். நம் இரண்டு கண்களும் தூரத்தை உணர்வது போலத்தான், கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மட்டும் ஒன்பது அடி!

இதில் வேண்டிய துல்லியத்தை ஒரு கணக்கு காட்டும். 10,000 கஜம் என்பது 30,000 அடி. ஒன்பது அடிக் குழாயின் இரு முனைகளிலிருந்து அந்தத் தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது கிடைக்கும் கோண வேறுபாடு, வானத்தில் தெரியும் முழு நிலவின் அகலத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். கண்ணாடியில் சிறு குறை இருந்தாலும் குண்டு கடலில் விழும்.

எம்டனும் தூரமானியும்

தமிழர்களுக்கு 'எம்டன்' என்ற சொல் நன்றாகத் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கி, எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் அது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதை மடக்கியது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. ஆனாலும் சண்டையின் முதல் நிமிடங்களிலேயே எம்டனின் குண்டு சிட்னியின் தூரமானியைத் தாக்கியது. அதை இயக்கிக் கொண்டிருந்த மாலுமி இறந்தார். பிறகு எம்டனும் தன் தூரமானியை இழந்தது. கடைசியில் சிட்னிதான் வென்றது. பீரங்கியின் பலம் எவ்வளவு இருந்தாலும் கப்பலின் கண் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காலை ஒரு பாடம்.

கண்ணாடிப் பஞ்சம்

போர் தொடங்கியபோது பிரிட்டன் பயன்படுத்திய ஒளியியல் கண்ணாடியில் சுமார் 60 சதவீதம் ஜெர்மனியிலிருந்தும், 30 சதவீதம் பிரான்ஸிலிருந்தும் வந்து கொண்டிருந்தது. சொந்த நாட்டில், பர்மிங்ஹாம் அருகே உள்ள சான்ஸ் பிரதர்ஸ் தந்தது வெறும் 10 சதவீதம். அதாவது, எதிரியைப் பார்க்கும் கண்ணாடி எதிரியிடமிருந்தே வாங்கப்பட்டது!

மூத்த தளபதி லார்ட் ராபர்ட்ஸ், வீட்டில் இருக்கும் பைனாகுலர்களைப் படைக்குக் கடனாகத் தாருங்கள் என்று 1914இல் பொதுமக்களிடம் கேட்டார். திருப்பித் தருவதற்காக அவற்றில் எண்கள் பொறிக்கப்பட்டன. 1915இல் சுவிட்சர்லாந்து வழியாக ஜெர்மனியிடமே பைனாகுலர் வாங்கி, பதிலுக்கு ரப்பர் தருவது பற்றிக் கூடப் பேச்சு நடந்தது. பொருள் உண்மையில் கைமாறியதா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் பேச்சு நடந்ததே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

அதன் பிறகுதான் பிரிட்டன் விழித்தது. கண்ணாடி உற்பத்தி பெருக்கப்பட்டது. 1917இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒளியியல் தொழில்நுட்பத்துக்கென்று தனித் துறையே தொடங்கப்பட்டது.

இந்தப் பாடத்தின் பலனை இரண்டாம் உலகப் போர்க் கருவிகளில் காணலாம். சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் பார் அண்ட் ஸ்ட்ரவுட் 'சி.எஃப்.41' பைனாகுலர் அதில் ஒன்று. 1930களில் வந்த 7×50 வகை. ஏழு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 50 மி.மீ. ஐம்பதை ஏழால் வகுத்தால் வருவது ஏழு மி.மீ. சொச்சம். இருட்டில் மனிதக் கண்ணின் பாவை விரியும் அளவும் கிட்டத்தட்ட அதுதான். இரவில் காவல் நிற்கும் மாலுமிக்கு ஒளி வீணாகாமல் வந்து சேரும். ஏன் இன்னும் பெரிதாக்கவில்லை? ஆடும் கப்பலில் பெரிதாக்கப் பெரிதாக்க நடுக்கமும் பெரிதாகும்!

சேகரிப்பவர்கள் கவனிப்பவை

சி.எஃப்.41இல் 'ஏ.பி. 1900ஏ' என்ற எண் இருக்கும். 'ஏ.பி.' என்றால் கடற்படைத் தலைமையகத்தின் மாதிரி எண். இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டபடி இருந்தால், அந்தப் பொருள் அரசாங்கத்தால் முறையாக விற்கப்பட்டது என்று அர்த்தம்.

போலிகளும் உண்டு. 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று பொறித்த பித்தளைத் தொலைநோக்கிகள் சந்தையில் ஏராளம். ஆனால் அந்தப் பெயரில் நிறுவனம் உருவானதே 1947இல்தான்! இத்தகைய அலங்காரப் பித்தளைப் பொருட்கள் ரூர்க்கி போன்ற நம் நாட்டு ஊர்களிலும் செய்யப்படுகின்றன. அலங்காரமாக விற்றால் தவறில்லை, பழையது என்று விற்றால்தான் மோசடி.

இன்னொரு எச்சரிக்கை: இருட்டில் ஒளிரும் பூச்சு கொண்ட போர்க்காலக் கருவிகளில் ரேடியம் இருக்கலாம். அவற்றைப் பிரிப்பதும் சுரண்டுவதும் ஆபத்து.

இதைவிடப் பெரிய இழப்பு வேறு வழியில் நடக்கிறது. பீரங்கித் தொலைநோக்கிகள் போரில் மங்கிய சாம்பல் வண்ணத்தில்தான் இருந்தன. பலர் அந்தப் பூச்சைச் சுரண்டி, பித்தளையைப் பளபளவென்று தேய்த்து, வரவேற்பறையில் வைக்கிறார்கள். பூச்சோடு மெல்லிய எண்களும் முத்திரைகளும் தேய்ந்து போகின்றன. எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை, என்ன மாதிரி என்பதெல்லாம் அதோடு போய்விடும்.

பார் அண்ட் ஸ்ட்ரவுட்டின் ஆவணங்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கருவியின் கதையும் காகிதத்தில் இல்லை, அதன் உடம்பில்தான் எழுதியிருக்கிறது. அதனால்தான் அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் தூசியை மட்டும் துடைப்பார்கள், பாலிஷ் டப்பாவைத் தொட மாட்டார்கள்.