அச்சுத் தமிழுக்குக் குரல் கொடுத்த பேராசிரியர்

ஷெல் வீச்சிலும் கண்ணிவெடியிலும் பார்வையை இழந்தவர்களில் பலர், அதற்கு முன் நன்றாக எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். இன்று வங்கியிலிருந்தோ பிரதேச செயலகத்திலிருந்தோ ஒரு கடிதம் வந்தால், அதை வாசித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். தமது சொந்த விடயத்தையும் பிறர் வாய்வழியாகவே அறிய வேண்டிய நிலை இது.

இந்தத் தடையைக் கணினியால் நீக்க உழைத்தவர்களுள் ஒருவர் பேராசிரியர் ஏ.ஜி. இராமகிருஷ்ணன். சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற இவர், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் மின்பொறியியல் துறையில் பணியாற்றினார். அங்கு இவர் நடத்திய ஆய்வகம் மருத்துவத்தையும் மொழியையும் ஒருசேர ஆராய்ந்தது.

2001 இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில், எழுத்தைப் பேச்சாக மாற்றும் 'திருக்குறள்' என்ற மென்பொருளை இவரது குழு முன்வைத்தது. ஒருவரின் குரலைப் பதிவுசெய்து, அதைச் சிறு ஒலித்துண்டுகளாகப் பிரித்து, தேவையான சொல்லுக்கு ஏற்ப அவற்றை இணைப்பதே அதன் முறை. தமிழில் இது இலகுவல்ல. 'கடல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்று சொற்களிலும் எழுத்து ஒரே ககர வரிசைதான், ஒலி வேறு. அந்த வேறுபாட்டைக் கணினிக்கு விதிகளாகக் கற்பிக்க வேண்டும்.

பேசும் கணினிக்கு முதலில் எழுத்துத் தெரிய வேண்டும். அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்துகளாக மாற்றும் முழுமையான தமிழ் எழுத்துணரி பற்றிய ஆய்வை, மாணவி ஒருவருடன் இணைந்து 2002 இல் இவர் வெளியிட்டார். 'கொ' என்ற ஓர் எழுத்து அச்சில் மூன்று துண்டுகளாக நிற்கும். அவற்றைச் சேர்த்து ஒன்றாகப் புரிந்துகொள்வதும் எழுத்துணரியின் வேலை.

ஆய்வு ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டின் 'வொர்த் டிரஸ்ட்' என்ற தொண்டு நிறுவனம், அச்சுப் புத்தகங்களைப் பிரெயிலுக்கு மாற்ற இந்த எழுத்துணரியைப் பயன்படுத்தியது. முழுப் புத்தகத்தையும் ஒருவர் இருந்து தட்டச்சுச் செய்யும் வேலை இதனால் குறைந்தது.

இலங்கையில் நிலைமை என்ன? தமிழ்க் குரலுடன் இயங்கும் 'என்விடிஏ' திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் வாசிக்கக் கொடுக்கப்படும் ஆவணங்களே தடையாகின்றன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சுச் செய்தால், கணினியின் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பானுக்கு அவை பொருளற்ற ஒலிகள். படமாக வருடப்பட்ட சுற்றறிக்கையில் அதற்கு வாசிக்க எதுவுமே இல்லை. எழுத்துணரி வழியே செலுத்திய பின்னரே அது எழுத்தாகும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. பொதுமக்களுக்கான தகவல், மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவிலும் கிடைக்க வேண்டும் என்கிறது அதன் 21 ஆம் உறுப்புரை. அந்தக் கடமையின் முதற்படிக்குப் பெரிய செலவில்லை: தமிழ்க் கடிதங்களையும் படிவங்களையும் யூனிகோடில் எழுதி, படமாக அல்லாமல் எழுத்தாகவே வெளியிட்டால் போதும். ஓர் ஆவணத்தைச் சோதிக்க, அதில் ஒரு வரியைப் பிரதிசெய்து கைத்தொலைபேசிச் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால், பார்வையற்ற ஒருவர் அதைத் தானே வாசிக்கலாம்.