குறியும் ஒலியும்: கொங்கு மலையடிவாரத்தில் துப்பாக்கி கடந்து வந்த வழி

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் போற்றியுள்ளார். அவன் விடுத்த ஒரே கணை யானையை வீழ்த்தியது. புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவிற்று. இறுதியில் உடும்பின் உடலில் சென்று தங்கியது என்பது அப்பாடல் தரும் செய்தி. புலவர் கூற்று மிகையென்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அம்மிகையின் அடியில் வேட்டைத் தொழிலின் இரண்டு இன்றியமையாக் கூறுகள் கிடக்கின்றன. ஒன்று, குறி தப்பாமை. மற்றொன்று, ஓசையின்மை. அம்பு பாய்ந்த பின்னும் காடு கலைவதில்லை. துப்பாக்கி வந்தபோது எட்டும் தொலைவு பெருகியது. ஆனால் குறியும் ஒலியும் புதிய சிக்கல்களாயின. அவ்விரண்டையும் கைப்பிடியாகக் கொண்டு, நம் கொங்கு மலையடிவாரத்தில் துப்பாக்கி கடந்து வந்த வழியை ஈண்டு நோக்குவோம்.

கொங்கில் வேட்டை என்பது வேந்தரின் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. தருமபுரிப் பகுதி தொடங்கிக் கோவை வட்டாரம் வரை காணப்படும் நடுகற்களே இதற்குச் சான்று. புலியோடு பொருது மாண்டவனுக்குப் புலிக்குத்திக் கல். பன்றியோடு பொருது மாண்டவனுக்குப் பன்றிக்குத்திக் கல். ஆநிரையைக் காக்கப் புலியையும், விளைச்சலைக் காக்கப் பன்றியையும் எதிர்த்து நின்ற எளிய மக்களை ஊர் தெய்வமாக்கி வழிபட்டது. அக்கற்களில் வீரன் கையில் ஏந்தியிருப்பது வாளோ ஈட்டியோதான். பன்றியைக் கைக்கெட்டும் தொலைவில் எதிர்கொண்டு உயிர் பிழைப்பது எத்துணை அரிது என்பதை அக்கற்களின் எண்ணிக்கையே உணர்த்தும். இத்தகைய உழவனுக்குத் துப்பாக்கி வெறும் கருவியன்று, உயிர்க்காப்பு.

எனினும் அக்கருவி அவன் கைக்கு எளிதில் வந்து சேரவில்லை. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களைப் பறிக்கவும் வழி செய்தது. கொங்கில் எதிர்த்து நின்ற தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தலை இந்தியர்க்குக் குற்றமாக்கியது. அண்டையிலுள்ள குடகு நாட்டு மக்களுக்கு மட்டும் ஆங்கிலேயர் தனிவிலக்கு அளித்தனர். அவ்விலக்கு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்து, 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. மலையின் ஒருபுறம் துப்பாக்கி திருவிழாவில் பூசை பெறும் பொருள்; மறுபுறம் அதே துப்பாக்கி மாவட்ட ஆட்சியரின் முத்திரைக்குக் காத்துக் கிடக்கும் பொருள். நில அமைப்பு இந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை. ஆள்வோரின் நம்பிக்கையும் ஐயமுமே உண்டாக்கின.

இதே காலத்தில் நீலகிரியிலும் ஆனைமலையிலும் துரைமார்களின் வேட்டை பெருகியது. வரையாடும் கடமானும் யானையும் குறைந்துவருவதைக் கண்டு அவர்களே அஞ்சலாயினர். 1873இல் சென்னை மாகாணத்தில் யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1877இல் உதகையில் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது; 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. காட்டுயிரைக் காக்கும் எண்ணத்தின் விதை இதில் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எவர் வேட்டையாடலாம் என்பதை வகுக்கும் வேலியாகவும் இச்சட்டங்கள் அமைந்தன. ஆகவே மலையடிவாரத்தில் இருவகைத் துப்பாக்கிகள் அருகருகே வாழ்ந்தன: துரையின் ரைபிள் ஒன்று, உழவனின் நாட்டுத் துப்பாக்கி மற்றொன்று.

இவ்விரண்டின் வேறுபாட்டை அறிதல் வேண்டும். நாட்டுத் துப்பாக்கியில் மருந்தையும் ரவையையும் குழல் வாயிலாகவே இட்டுக் கம்பியால் கிட்டிக்க வேண்டும். குழலின் உட்புறம் வழவழப்பானது. ரவை உருண்டையானது, குழலைவிடச் சற்றுச் சிறியது. ஆதலின் அது சுவரில் முட்டி முட்டி வெளிவரும். கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கேற்ப விலகிப் பறக்கும். முப்பது தப்படிக்கு அப்பால் அதன் குறியை நம்புதல் அரிது. ரைபிளின் குழலுக்குள்ளோ திருகுபோல் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகள் தோட்டாவைச் சுழற்றி அனுப்புகின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோலச் சுழலும் தோட்டாவும் தலை சாயாமல் நேர்வழி செல்கிறது.

ஆங்கில அரசு தன் படைக்குத் தந்த ரைபிள் .303 அளவினது. படையின் தோட்டா குடிமக்கள் கைக்குப் போய்விடக்கூடாதென அஞ்சிய அரசு, அவ்வளவுள்ள துப்பாக்கிகளை இந்தியக் குடிமக்கள் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தியது. எனவே, ஆஸ்திரியப் படைக்கென 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான 8 மில்லிமீட்டர் மன்லிக்கர் தோட்டா, .315 என்னும் பெயரில் இந்திய வேட்டைக்காரரிடம் பரவியது. நாடு விடுதலை பெற்றபின் வங்காளத்து ஈசாப்பூர் அரசுத் தொழிற்சாலை, பழைய லீ என்பீல்டு பொறியமைப்பிலேயே இத்தோட்டாவுக்கான ரைபிளைச் செய்து குடிமக்களுக்கு விற்றது. இறக்குமதி அரிதாகிவிட்ட நாட்களில், சற்று வசதியுள்ள நிலக்கிழார் வாங்கக்கூடிய மலிவான ரைபிள் இதுவே. கட்டை கரடுமுரடானது, பொறி முரட்டுத்தனமானது, ஆனால் எளிதில் பழுதாகாதது. தொலைநோக்கிக் கண்ணாடி இல்லை. பின்னால் ஒரு பிளவும் முன்னால் ஒரு முளையுமே குறிகாட்டிகள். நம் மண்ணுக்கும் இதில் ஓர் உறவுண்டு. அக்காலத் தோட்டாக்களை உந்தும் புகையிலா மருந்தாகிய கார்டைட்டைச் செய்ய, குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903இல் தொழிற்சாலை நிறுவப்பட்டது.

மலிவான ரைபிளை வாங்கி வந்தவுடன் அது குறிபார்த்த இடத்தில் சுடும் என்று எண்ணுதல் கூடாது. அதனை மணல் மூட்டைமேல் அசையாது கிடத்தி, அளந்த தொலைவில் அட்டை நட்டு, ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று முறை சுட வேண்டும். ஒரு வெடியை வைத்து முடிவு செய்தல் ஆகாது; அது சுட்டவன் கை நடுக்கமாகவும் இருக்கலாம். மூன்று துளைகளும் நெருங்கி ஓரிடத்தில் விழுந்தால் துப்பாக்கியில் பிழையில்லை, குறிகாட்டியில்தான் பிழை என்பது விளங்கும். துளைகள் சிதறினால் சுடுபவனையோ குழலையோ திருத்த வேண்டும். குறிகாட்டியைத் தொடுவதில் பயனில்லை.

திருத்தும் முறையும் நுட்பமானது. துளைகள் வலப்புறம் விழுந்தால் முன்முளையை வலப்புறமே தள்ள வேண்டும். பின்பிளவாயின் இடப்புறம் தள்ள வேண்டும். துளைகள் தாழ்ந்தால் முளையை அரத்தால் சிறிது ராவிக் குறைத்தல் வேண்டும். மிகுதியாக ராவிவிட்டால் மீட்க இயலாது. ஆதலின் இது பொறுமையுள்ளவன் வேலை. இரு குறிகாட்டிகளுக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருந்தால், முளையில் செய்யும் 1 மில்லிமீட்டர் மாற்றம் 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் மாற்றமாக விரியும். மேலும் தோட்டா நேர்க்கோட்டில் பறப்பதில்லை. நொடிக்கு 600 மீட்டர் அளவு வேகத்தில் செல்லும் தோட்டாவும் 100 மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 15 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். அதனால்தான் குழல் சற்றே மேல்நோக்குமாறு குறிகாட்டிகள் அமைக்கப்படுகின்றன. குறி சீர்செய்தல் என்பது வெறும் தேர்ச்சியன்று. அஃது ஓர் அறமுமாகும். சீர்செய்யாத துப்பாக்கி கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி மறுநாள் புல் அறுக்கச் செல்லும் பெண்ணை நோக்கிப் பாயும்.

இனி ஒலி. கோவை மக்களுக்குச் சைலன்சர் என்றால் பேருந்தும் மோட்டார் சைக்கிளுமே நினைவுக்கு வரும். ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய காலமுதல் இது நமக்குப் பழகிய பொருள். ஆனால் துப்பாக்கிக்கும் சைலன்சர் உண்டு. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டவர் ஹைரம் மாக்சிம். அவர் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் துப்பாக்கிச் சைலன்சருக்கு அமெரிக்காவில் 1909இல் காப்புரிமை பெற்றார். தந்தை எழுப்பிய ஓசையை மகன் அடக்க முயன்றார் எனலாம். குழல் முனையில் பீறிடும் சூடான வாயுவைத் தடுப்பறைகளில் சுற்றவிட்டு, மெல்ல வெளியேறச் செய்வதே அதன் தத்துவம். வண்டியின் சைலன்சரும் இதற்கு உறவே.

திரைப்படங்கள் காட்டுவதுபோல் அது துப்பாக்கியை ஊமையாக்குவதில்லை. ரைபிளின் வெடியொலி 160 டெசிபல் அளவினது. சைலன்சர் அதில் 20 முதல் 30 வரையே குறைக்கும். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். தோட்டா அதனினும் விரைந்து செல்வதால் காற்றில் எழும் சாட்டையடி ஓசையை எந்தக் குழாயாலும் அடக்க முடியாது. மற்றொரு செய்தியும் உண்டு. குழல் முனையில் பாரம் ஏறியதும் குழலின் அதிர்வு மாறும். அதனால் தோட்டா விழும் இடமும் மாறும். சைலன்சரைப் பொருத்தியவன் மறுபடியும் மணல் மூட்டைக்குத் திரும்பிக் குறியைச் சீர்செய்தே ஆகவேண்டும். ஒலியைத் தொட்டால் குறியும் அசையும் என்பது இக்கருவியின் இயல்பு.

பின்லாந்து, நார்வே நாடுகளில் வேட்டையாடுவோர் செவிக்குக் காப்பாக இதனைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றனர். அமெரிக்கா 1934இல் இதற்கு 200 டாலர் வரி விதித்துக் கட்டுப்படுத்தியது. நம் நாடோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் எழுந்த 1962ஆம் ஆண்டு விதிகளில், ஓசையை அடக்கும் துணைக்கருவியையும் .303 ரைபிளையும் முதல் வகுப்பிலேயே, ஒரே தலைப்பின்கீழ் நிறுத்தியது. காரணம் வெளிப்படை. காட்டில் வெடியோசை ஒரு சான்று. அதனைக் கேட்டே வனக்காவலர் திசையறிந்து விரைகின்றனர். ஊரார் எச்சரிக்கை அடைகின்றனர். ஓசையை அடக்கினால் சட்டத்தின் செவியும் அடைபடும். அதே 1959ஆம் ஆண்டுச் சட்டம் உழவனையும் முற்றிலும் மறக்கவில்லை. உண்மையான பயிர்க்காப்புக்கென வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 13ஆம் பிரிவில் இடம் வைத்தது.

1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமம் என்பதையே நீக்கியது. ஆனைமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகங்களாயின. இது நன்மையே, ஐயமில்லை. வேட்டை ரைபிள் சுவரில் மாட்டிய பழம்பொருளாயிற்று. ஆயின் பன்றிக்கு இச்செய்தி எட்டவில்லை. மக்காச்சோளமும் நிலக்கடலையும் வாழையும் விளையும் இடமெல்லாம் அது இரவில் இறங்கியது.

அப்போது துப்பாக்கியின் இடத்தை எவை பிடித்தன? பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ வெடிமருந்தை மறைக்கும் அவுட்டுக்காய். களவாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி வேலி. கோவை வனப்பகுதியில் அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்த யானைகள் பட்டினியால் மடிந்த கொடுமையை நாம் அறிவோம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே களவு மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. அவற்றின் இரு கன்றுகள் தாயற்று நின்றன. வல்வில் ஓரியின் கணைக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் பின்னால் ஒரு கண் இருந்தது. அக்கண் பன்றியையும் யானையையும் பிரித்தறியும். வேண்டுமாயின் கையைத் தடுக்கும். அவுட்டுக்காய்க்குக் கண்ணில்லை. மின்கம்பிக்குக் கண்ணுமில்லை, ஒலியுமில்லை. எந்தச் சைலன்சரும் எட்டாத ஊமைத்தன்மையை அக்கம்பி எட்டிவிட்டது. குறியை முற்றிலும் இழந்தபடி.

2025 சனவரியில் தமிழக அரசு ஒரு நெறியை அறிவித்தது. காட்டெல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; அதற்கப்பால் மட்டும் வனத்துறையினரே சுடலாம் என்பது அதன் சாரம். பொறுப்புள்ள கண்ணையும் பதிவாகும் ஒலியையும் மீட்டுக் கொணரும் முயற்சி என இதனைக் கொள்ளலாம். ஆனால் காட்டெல்லையை ஒட்டியே வாழும் மலையடிவார உழவனுக்கு அம்முதல் ஒரு கிலோமீட்டரே முழு உலகம். அவன் இரவு இன்னும் பரண்மேல்தான் கழிகிறது.

பன்றிக்குத்திக் கற்களை நட்ட நம் முன்னோர், பயிர் காத்து மாண்டவனை மறவாமல் பெயர் சொல்லிப் போற்றினர். காட்டைக் காத்தலும் அவனைக் காத்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. இழப்பீடு காலத்தில் கிட்டினால், வனத்துறையின் துணை அழைத்தவுடன் வந்தால், கம்பியில் மின்சாரம் பாய்ச்சும் கை தானே ஓயும். அடிவாரத்து இலக்கிய அன்பர்கள் தத்தம் ஊர்ப்புறத்து நடுகற்களைத் தேடிச் செல்லும்போது, அவற்றின் அருகேயுள்ள தோட்டத்துச் சாளைக்கும் ஒருமுறை சென்று, அங்குள்ளவர் சொல்வதையும் கேட்டுவர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.