வாடைக்காலக் கரைக்கடல் மீன்பிடிப்பு (சோழமண்டலக் கரை)

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி முதல் மார்கழி வரையான மாதங்களில், பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரையுள்ள கரையோரத்தில், கரையில் நின்றபடியோ கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலோ நடைபெறும் மீன்பிடித் தொழில் வாடைக்காலக் கரைக்கடல் மீன்பிடிப்பு எனப்படும். புயலுக்கு அஞ்சி ஆழ்கடல் தொழில் ஒடுங்கும் இப்பருவத்தில், கரைவலை, வீச்சுவலை, செவுள்வலை, தூண்டில் ஆகியவையே மீனவர் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

பருவமும் நீரோட்டமும்

தமிழ் மரபு நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் தந்துள்ளது. வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், தெற்கிலிருந்து வீசுவது தென்றல், மேற்கிலிருந்து வீசுவது கோடை. மீனவர் காற்றோடு நீரோட்டத்தையும் பிரித்தறிவர். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் வெள்ளத்தை வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் சென்னைக் கரையோரக் குப்பங்களில் சொல்வர்.

கடலியலார் இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் என்று குறிப்பது ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. பிப்ரவரி முதல் வடக்கு நோக்கி ஓடும் அது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி ஓடுகிறது. அப்போது கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய ஆறுகள் வங்கக் கடலில் கொட்டிய நன்னீரின் கலப்பால் கரையோர நீரின் உப்புத்தன்மை குறைகிறது. உள்ளூர் ஆறுகளின் வெள்ளமும் சேர்ந்து கடலைக் கலக்குகிறது. கோடையில் மணல் மேடிட்டு அடைபட்ட முகத்துவாரங்கள் உடைந்து, கழிக்கும் கடலுக்கும் வழி திறக்கிறது. கழியில் வளர்ந்த இறால் கடலுக்கு வெளியேறுவதும், மடவையும் கொடுவாவும் முகத்துவாரத்தில் திரள்வதும் இதன் விளைவே.

பழைய வரலாறு

சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் பரதவர், நுளையர் ஆகிய கடலோர மக்களும் திமில், அம்பி, பஃறி, தோணி ஆகிய கலங்களும் இடம்பெறுகின்றன. அகப்பொருள் இலக்கண மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்படும். கூதிர்ப் பொழுது குறிஞ்சிக்கு உரியது. நெய்தலுக்கோ ஆறு பெரும்பொழுதும் உரியவை. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு முறையில் கடல் தொழில் நடந்ததை இப்பகுப்பு உணர்த்துவதாகக் கொள்ளலாம். திமிலில் விளக்கேற்றி இரவில் மீன் பிடித்த செய்தியும் இப்பாடல்களில் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு களித்திருந்ததைப் பட்டினப்பாலை விவரிக்கிறது.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகளும் கிடைக்கின்றன. 1669 முதல் 1679 வரை வங்கக் கடல் நாடுகளில் வணிகம் செய்த தாமஸ் பௌரி, கட்டுமரத்தையும், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகையும் வருணித்தார். 1697இல் வெளியான வில்லியம் டேம்பியரின் பயண நூலிலும் கட்டுமரம் என்ற பெயர் இடம்பெற்றது. துறைமுகம் இல்லாத சென்னையில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. அலை மிகுந்து படகு இறங்க முடியாத நாளில் கட்டுமரக்காரர்கள், ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகி, நனையாமல் கப்பலில் சேர்த்தனர். வாடைக் காலத்தில் சென்னைக் கடலில் நங்கூரமிடக் கப்பல் தலைவர்கள் அஞ்சினர். 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனேயின் கப்பற்படையை அக்டோபரில் சிதைத்தது இப்பருவத்துப் புயலே.

1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளமிட்டவர் சர் ஃபிரெட்ரிக் நிக்கல்சன். பின்னர் அதன் இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல், இக்கரையின் கலங்களையும் வலைகளையும் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தார். இன்றளவும் அவற்றைப் பற்றிய ஆய்வுக்கு அடிப்படையாக விளங்குவது அவருடைய எழுத்தே. இந்தியப் படகு வடிவங்களில் பாலினீசியத் தாக்கம் உண்டென்று 1920இல் அவர் முன்வைத்த கருத்தை மட்டும் அனைவரும் ஏற்கவில்லை. 

கலங்களும் வலைகளும்

கலங்கள் இருவகை. முதலாவது, மிதக்கும் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம். ஆணியோ பலகையோ இதில் இல்லை. அலை மேலே புரண்டாலும் நீர் தேங்காமல் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். ஊறிய மரம் காய்ந்தால்தான் மறுநாள் மிதப்புத் தன்மை மீளும். மழை விடாத ஐப்பசியில் மரம் காய்வதே பெரும்பாடு. இரண்டாவது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. உள்ளே விலாச் சட்டங்கள் இல்லாததால், அலை தரையில் மோதும்போது பலகைகள் நெகிழ்ந்து கொடுக்கின்றன. கரைவலை வளைக்க இவ்வகைப் படகே பயன்பட்டது.

வலைகளுள் முதன்மையானது கரைவலை. குமரி மாவட்டத்தில் இதைக் கரமடி என்பர். சிலர் இதை இழுவலை வகையில் சேர்த்துள்ளனர். மீன் கூட்டத்தை வளைத்துச் சூழ்ந்து பிடிப்பதால் சூழ்வலை வகையில் சேர்ப்பாரும் உண்டு. நடுவில் கண் நெருங்கிய மடியும், அதன் இருபுறமும் கண் பெருத்துக்கொண்டே போகும் கைகளும், அவற்றின் நுனியில் நீண்ட கயிறுகளும் இதன் உறுப்புகள். ஒரு கயிற்றின் முனையைக் கரையில் நிற்பவர்களிடம் விட்டுப் படகு கடலுக்குள் செல்லும். வலையை அரைவட்டமாக இறக்கி, மறுகயிற்றுடன் சற்றுத் தள்ளிக் கரையேறும். பிறகு இரு அணிகள், மீனவர் உழைக்கையில் பாடும் அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்து இழுப்பர். வலை நெருங்க நெருங்க அணிகளும் ஒன்றையொன்று நெருங்கும். மடிக்குப் பின்னால் நீந்தி வருபவர் வலை தட்டாமல் பார்த்துக்கொள்வார். இடைவெளி வழியே மீன் தப்பாதிருக்கச் சிலர் தண்ணீரை அடித்துக் கலக்குவர்.

செவுள்வலைகள் பிடிக்கும் மீனால் பெயர் பெறும்: நெத்திலி வலை, கவலை வலை, காணாங்கெளுத்தி வலை என்பன அவ்வாறானவை. வீச்சுவலை முகத்துவாரத்திலும் கழியிலும் தனி ஆளால் வீசப்படுவது.

மீன்கள்

கரைவலையில் பெரும்பாலும் நெத்திலி, காரல், சூடை, கவலை, சாளை, வாளை ஆகியவை விழும். முகத்துவாரத்தில் மடவை, கொடுவா, கிழங்கான் ஆகியவற்றோடு வெள்ளை இறாலும் நண்டும் கிடைக்கும். வெயில் இல்லாததால் கருவாடு உலர்த்த முடியாது. ஆகவே மீன்பாடு மிகுந்தாலும் விலை கிடைப்பதில்லை.

உரிமையும் முறையும்

எந்த ஊர் எங்கே வலை வளைப்பது, யார் முதலில் வளைப்பது என்பவற்றை ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்யும். பழவேற்காட்டு ஏரியில் இது பாடு முறை என்ற பெயரில் நன்கு உருப்பெற்றுள்ளது. உரிமையுள்ள குடும்பங்கள் சீட்டுக் குலுக்கி, மீன்பிடி இடங்களைச் சுழற்சி முறையில் பெறுகின்றன. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாததால் பூசல் குறைகிறது. கரைவலைக்கு முதலிடும் வலைக்காரர், தெற்கே இராமநாதபுரத்திலும் இலங்கையிலும் சம்மாட்டி எனப்படுவார். செலவு போக எஞ்சுவது வலைக்கும் ஆளுக்குமாகப் பங்கிடப்படும்.

பிற கரைகளில்

இராமேசுவரம் தீவினர் வாடைக் காலத்தில் கொந்தளிக்கும் வடகடலை விட்டு, மன்னார் வளைகுடாவாகிய தென்கடலுக்கு மாறுவர். இலங்கையின் கிழக்குக் கரையில் கரைவலைப் பருவம் இக்காலத்தில் முடிந்திருக்கும். அங்கு வாடி எனும் தற்காலிகக் குடில் அமைத்துத் தங்கியவர்கள், அப்போது அமைதியாக உள்ள மேற்குக் கரைக்குத் திரும்புவர்.

இன்றைய நிலை

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடை செய்தது. 2000இல் தடை செய்யப்பட்ட சுருக்குமடி வலைக்கு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரு நாட்கள் என்ற வரம்புடன் இடைக்கால அனுமதி தந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பொருத்து எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டன. அலைதடுப்புக் கற்கள் கொட்டப்பட்ட கரைகளில் கரைவலை இழுக்க மணல்வெளி இல்லை. எஞ்சிய சில ஊர்களில் மட்டும் கரைவலைத் தொழில் தொடர்கிறது.