கேட்டோ எந்த நாட்டவன்?

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி கிரீன் ஹார்னெட்' என்னும் தொடர் தொடங்கியது. தலைப்பைப் 'பச்சைக் குளவி' எனத் தமிழ்ப்படுத்தலாம். அரைமணி நேரம் கொண்ட 26 பகுதிகள். 1967 மார்ச் 17 அன்று கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. 'பேட்மேன்' தொடரின் நிழலில் வந்து மறைந்த ஒன்றாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆயினும் இத்தொடரின் இரண்டாம் முகமூடிக்காரனைப் பின்தொடர்ந்து சென்றால், ஒருவனின் பெயர் மாறாமலிருக்க அவனுடைய நாடு மட்டும் உலக அரசியலுக்கேற்ப மாறிக்கொண்டே வந்த விந்தையைக் காணலாம்.

கதை எளியது. பிரிட் ரீட் 'டெய்லி சென்டினல்' நாளிதழின் உரிமையாளர். இரவில் அவரே முகமூடி அணிந்த பச்சைக் குளவி. காவல்துறையும் பொதுமக்களும் குளவியைக் கொடிய குற்றவாளி என்றே நம்புகின்றனர். அந்த அவப்பெயரையே ஆயுதமாக்கிக் கொள்ளைக் கூட்டங்களுக்குள் அவர் நுழைகிறார். உண்மை அறிந்தோர் மூவரே: செயலாளர் லெனோர் கேஸ், மாவட்ட அரசு வழக்கறிஞர் ஸ்கேன்லன், வீட்டுப் பணியாளன் கேட்டோ. பகலில் உணவு பரிமாறும் கேட்டோ, இரவில் 'பிளாக் பியூட்டி' என்ற கருநிறக் காரை ஓட்டுகிறான், சண்டையும் இடுகிறான்.

இவ்விருவரும் தொலைக்காட்சிக்கு முப்பதாண்டு மூத்தவர்கள். ஜார்ஜ் டிரெண்டில், ஃபிரான் ஸ்டிரைக்கர் ஆகியோர் படைத்த வானொலித் தொடராக 1936 ஜனவரி 31 அன்று டெட்ராய்ட் நகரின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையத்தில் பச்சைக் குளவி பிறந்தது. அதே நிலையம் 1933இல் தொடங்கிய 'தி லோன் ரேஞ்சர்' தொடரின் முகமூடி வீரனுக்கு பிரிட் ரீட் உறவினன் என்பதும் கதையின் ஒரு பகுதி. நாயகனுக்கு இவ்வாறு ஒரு வம்சாவளியே அமைத்துக் கொடுக்கப்பட்டது. கேட்டோவுக்கோ வானொலியிலும் சரி, பின்னர் தொலைக்காட்சியிலும் சரி, ஒற்றைப் பெயர் மட்டுமே. அதுவும் ஜப்பானில் மிகப் பரவலாக வழங்கும் ஒரு குடும்பப்பெயர். அவன் முதலாளியை 'மிஸ்டர் பிரிட்' என்பான். முதலாளி அவனைக் 'கேட்டோ' என்பார். குடும்பப்பெயர் மரியாதையின் அடையாளமாக இருக்கும் ஒரு மொழியிலிருந்து வந்த சொல், இங்கே ஏவலாளை விளிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது.

வானொலியின் தொடக்க ஆண்டுகளில் கேட்டோ ஜப்பானியனாகவே அறிமுகப்படுத்தப்பட்டான். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாளே அவன் பிலிப்பைன்ஸ் நாட்டவனாக மாற்றப்பட்டான் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. சுவையான கதைதான், ஆனால் காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. 1937 முதல் சீனாவில் ஜப்பான் நடத்திய போர் அமெரிக்கப் பொதுக்கருத்தை முன்னரே மாற்றியிருந்தது. அறிமுக உரையில் இருந்த 'ஜப்பானியப் பணியாள்' போருக்கு முன்பே 'நம்பிக்கைக்குரிய பணியாள்' ஆகிவிட்டான். பிலிப்பைன்ஸ் அடையாளமும் 1941 டிசம்பருக்கு முற்பட்டதே.

1940இல் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 13 பகுதித் திரைத்தொடரில் கேட்டோ கொரியன் ஆனான். நடித்தவர் கீ லூக்; சீனாவின் குவாங்சோவில் பிறந்தவர். கொரியனுக்கு எப்படி ஜப்பானியப் பெயர் வந்தது என்று திரைக்கதையாளர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் வரலாறு அவர்களை எதிர்பாராத விதத்தில் நியாயப்படுத்தியது. 1910 முதல் ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவில், மக்கள் ஜப்பானிய முறைப் பெயர்களை ஏற்க வழிசெய்த ஆணை நடைமுறைக்கு வந்ததும் அதே 1940ஆம் ஆண்டின் பிப்ரவரியில்தான். ஹாலிவுட்டின் அலட்சியம் உண்டாக்கிய ஜப்பானியப் பெயருடைய கொரியனை, பேரரசு தன் ஆணையால் இலட்சக்கணக்கில் உண்டாக்கியது.

தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர் வில்லியம் டோசியர். 1966 ஜனவரியில் 'பேட்மேன்' தொடரைத் தொடங்கிப் பெரும்புகழ் பெற்றவர் அவரே. கேட்டோவாக அவர் தேர்ந்தெடுத்த இளைஞர் 1964இல் லாங் பீச் நகரின் கராத்தே போட்டியில் தம் கலையைச் செய்துகாட்டிய புரூஸ் லீ. முதலில் திட்டமிடப்பட்டது வேறொரு தொடர்: துப்பறிவாளர் சார்லி சானின் மகனாக அவரை நடிக்கவைக்க 1965 பிப்ரவரியில் ஒளிப்பதிவுச் சோதனையும் நடந்தது. அத்தொடர் உருப்பெறவில்லை. முப்பதுகளின் சார்லி சான் திரைப்படங்களில் அதே மகன் வேடத்தை ஏற்றவர் கீ லூக் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஹாலிவுட் ஆசிய நடிகருக்கு வைத்திருந்த வாயில்கள் எத்தனை குறைவு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 'பிரிட் ரீட்' என்னும் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த சீனர் தாம் ஒருவரே என்பதால்தான் வேடம் கிடைத்தது என்று லீ பின்னாளில் வேடிக்கையாகக் கூறுவார். அவர் பிறந்தது சான் பிரான்சிஸ்கோவில். ரகர லகர மயக்கத்தை ஆசியர்மேல் ஏற்றிச் சிரித்த ஒரு மரபைத் தெரிந்தே குத்திய வேடிக்கை அது.

நாயகனாக நடித்த வான் வில்லியம்ஸுக்கு வாரத்துக்கு 2,000 டாலர், லீக்கு 400. ஊதியத்தைவிட அவரை உறுத்தியது உரையாடலின் வறுமை. 1966இல் டோசியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் முன்வைத்த வாதம் கூர்மையானது: கேட்டோ வீட்டில் பணியாளாக இருக்கலாம், குற்றத்தை எதிர்த்து வெளியே இறங்கும்போது அவன் செயலூக்கமுள்ள கூட்டாளி, ஊமையாகப் பின்தொடர்பவன் அல்லன். முகமூடியின் பொருளையே லீ இங்கே கேள்விக்குள்ளாக்குகிறார் எனலாம். இரவு முகமூடி பிரிட் ரீடை வேறொருவராக மாற்றுகிறது. கேட்டோவையும் அது மாற்றத்தானே வேண்டும்?

அக்கோரிக்கைக்கு ஓரளவேனும் விடையாக அமைந்தது 1966 நவம்பரில் வெளிவந்த 'தி பிரேயிங் மான்டிஸ்' என்னும் பகுதி. களம் சைனா டவுன். கேட்டோவுக்குச் சமமான எதிரியாக ஒரு சீனச் சண்டைக்கலை வல்லுநன். அவ்வேடத்தை ஏற்றவர் மாக்கோ, ஜப்பானின் கோபே நகரில் பிறந்தவர். ஜப்பானியப் பெயருடைய பாத்திரமாகச் சீனரும், சீனப் பாத்திரமாக ஜப்பானியரும் மோதிக்கொண்டனர். காட்டப்பட்டதோ சீனக் குங்ஃபூ. இந்த முரண் படைத்தவர்களின் கண்ணில் பட்டதற்கான அறிகுறி அப்பகுதியில் இல்லை. அவர்களுக்குக் 'கீழைநாட்டவர்' என்பது பிரிக்க முடியாத ஒற்றை வகை.

தொடர் நிலைக்காமற்போனதற்குக் காரணங்கள் சில. அதே வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்குச் சிபிஎஸ்ஸில் 'தி வைல்ட் வைல்ட் வெஸ்ட்', என்பிசியில் 'டார்சான்' என இரு ஒருமணி நேரத் தொடர்கள் ஓடின. பேட்மேனின் கேலிக்கூத்தை எதிர்பார்த்தவர்களுக்கு இதன் இறுக்கமான தொனி ஒட்டவில்லை. 1967 மார்ச் 1, 2 தேதிகளில் பேட்மேன் தொடருக்குள்ளேயே குளவியும் கேட்டோவும் விருந்தினராக வந்தனர். போலித் தபால்தலைக் கும்பலைப் பற்றிய கதை அது. ராபினிடம் கேட்டோ தோற்பதாக எழுதப்பட்டிருந்ததை லீ ஏற்க மறுத்தார் என்றும், அதனாலேயே சண்டை வெற்றி தோல்வியின்றி முடிந்தது என்றும் கூறப்படுகிறது. இந்த முயற்சியும் தொடரைக் காப்பாற்றவில்லை.

ஹாங்காங்கில் இதே தொடர் 'கேட்டோ ஷோ' என்று அறியப்பட்டது. அமெரிக்காவில் பணியாளாக இருந்தவன் கடல் கடந்ததும் தலைப்புக்குரியவன் ஆனான். 1971இல் 'தி பிக் பாஸ்' படத்தின்வழி லீ அங்கே நாயகராக எழுவதற்கு அந்த அறிமுகமும் உதவியது. 1973 ஜூலையில் அவர் மறைந்தார். மறு ஆண்டே பழைய பகுதிகள் சில திரைப்படமாக ஒட்டப்பட்டு, அவர் பெயரை முன்னிறுத்தி அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடின.

கேட்டோவின் நாடு அதன் பிறகும் தீர்மானமாகவில்லை. 1972இல் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' படத்தில் லீ ஏற்ற சென் சென் என்னும் பாத்திரம், ஷாங்காயில் ஜப்பானியரை எதிர்க்கும் சீன வீரன். 2010இல் அப்பாத்திரத்தை டோனி யென் மீண்டும் ஏற்றபோது, 1920களின் ஷாங்காயில் ஜப்பானியரோடு மோத அவருக்கு அணிவிக்கப்பட்டது கேட்டோவின் உடையும் கருப்பு முகமூடியும். 2011இல் ஹாலிவுட் பச்சைக் குளவியை மீண்டும் எடுத்தது. கேட்டோவாகத் தைவானின் ஜெய் சௌ. தான் ஷாங்காயில் பிறந்தவன் என்று கேட்டோ சொல்கிறான். ஜப்பான் தனக்கு மிகவும் பிடித்த நாடு என்று பதிலளிக்கிறான் பிரிட் ரீட்.