பெயரில் நிலைத்த பிழை

பேரரசனின் ஆணையை மறுப்பது எளிது, தோழர்களே. பேரறிஞனின் பிழையை மறுப்பதன்றோ கடினம்!

1889-இல் கிளம்பிய இன்ஃபுளுவென்சா காய்ச்சல் உலகையே உலுக்கிற்று. அப்பெயரைப் பாருங்கள். இத்தாலிய மொழியில் அதற்குத் ‘தாக்கம்’ என்று பொருள். யாருடைய தாக்கம்? விண்மீன்களுடையதாம்! நோய்க்குக் கோளைப் பழித்தது நம் நாடு மட்டுமன்று.

1892-இல் பெர்லினில், இராபர்ட் கோக்கின் வழிவந்த ரிச்சர்டு ஃபைபர், நோயாளிகளின் சளியில் கோல் வடிவக் கிருமி ஒன்றைக் கண்டார். இதுவே காரணம் என்றார். கோள் போயிற்று, கோல் வந்தது! உலகம் கைதட்டியது.

1918-இல் அதே காய்ச்சல் கோடிக்கணக்கானோரைக் கொன்று குவித்தது. ஆய்வாளர்கள் ஃபைபரின் கிருமியைத் தேடினர். சிலர் கண்டனர், பலர் காணவில்லை. “காணாதவரின் கைத்திறன் போதாது” என்றனர் கண்டவர்கள். அப்படிச் சொல்ல இடமும் இருந்தது. குருதியிலுள்ள இரு பொருள்கள் இல்லாமல் அக்கிருமி வளராது. ‘குருதி விரும்பி’ எனப் பொருள்படும் ஹீமோஃபிலஸ் என்ற பெயர் அதனால் வந்ததே. பெயரின் பெருமை, ஐயத்தின் வாயை அடைத்தது.

1933-இல் லண்டனில் சுமித், ஆண்டுரூஸ், லெயிட்லா எனும் மூவர், நோயாளியின் தொண்டை கழுவிய நீரைப் பாக்டீரியா புகமுடியா வடிகட்டியில் வடித்தனர். வடிநீரை ஃபெரெட் எனும் கீரி போன்ற விலங்கின் மூக்கில் விட்டனர். விலங்கு காய்ச்சலில் விழுந்தது. குற்றவாளி வைரசு! ஃபைபரின் தீர்ப்பு 41 ஆண்டுகளுக்குப் பின் வீழ்ந்தது. பிழைப்பெயர் மட்டும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே என இன்றும் நிற்கிறது.

எனின், அக்கிருமி குற்றமற்றதா? இல்லை! செய்யாத கொலைக்குப் பழி சுமந்தது. செய்த கொலைகளோ வேறு. 1931-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வகத்தில் மார்கரெட் பிட்மன் எனும் மங்கை அதன் மெய்யுருவைக் காட்டினார். கிருமிகளுள் சில, மாவுப்பொருளாலான உறை போர்த்தவை. அவற்றுள் ‘பி’ வகையே பச்சிளங் குழந்தைகளின் மூளையுறையை அழற்றுவது. நுரையீரலையும் தாக்கும், குரல்வளை மூடியை வீங்கவைத்து மூச்சையும் அடைக்கும். மூளையுறை அழற்சியில் பிழைத்த குழந்தைகளுள் பலர் செவிப்புலன் இழந்தனர்.

மருத்துவமின்றேல் ஏறத்தாழச் சாவு உறுதி என்றிருந்த நிலையை 1939-இல் மாற்றத் தொடங்கியவரும் ஒரு பெண்ணே: ஹாட்டி அலெக்சாண்டர். முயலின் குருதியிலிருந்து நோயெதிர்ப்பு நீர் ஆக்கினார். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்பார், அக்குழந்தைகளின் தாய்மாரைக் கேட்டிருக்கலாம்.

தடுப்பூசியோ எளிதில் வரவில்லை. உறைப்பொருளை மட்டும் செலுத்தினால் கைக்குழந்தையின் உடல் அதனைப் பகையெனக் கண்டுகொள்ளாது. புரதம் ஒன்றோடு பிணைத்தபின்னரே கண்டுகொண்டது. 1987-இல் அத்தகைய ஊசிக்கு அமெரிக்கா இசைவு தந்தது. அதற்கு முன் அங்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 சிறு குழந்தைகளைத் தாக்கிய கொடுநோய், 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

இந்தியாவில் இதனை ஐந்நோய்த் தடுப்பூசியாக அரசுத் திட்டத்தில் முதலில் ஏற்றவை கேரளமும் தமிழ்நாடும், 2011 திசம்பரில்.